404 கிலோமீட்டர், எத்தனை மணி நேரம்?

காங்கேயத்தை நடுவில் வைத்து வரைபடத்தில் கோடு இழுத்துப் பார்த்தால் ஒரு சங்கதி தெரியும். நேர்கோட்டில் 57 கிலோமீட்டரில் கோவை விமான நிலையம். சுமார் 100 கிலோமீட்டரில் சேலத்துக் காமலாபுரம். 128 கிலோமீட்டரில் திருச்சி, 143 கிலோமீட்டரில் மதுரை. மலைக்கு அப்பால் 158 கிலோமீட்டரில் கொச்சியின் நெடும்பாசேரி. ரயில் நிலையம்கூட இல்லாத ஊர், ஐந்து விமான நிலையங்களுக்கு நடுவே உட்கார்ந்திருக்கிறது. ஆனாலும் இங்கிருந்து சென்னைக்கோ சிங்கப்பூருக்கோ கிளம்புகிறவரிடம் பயணம் எவ்வளவு நேரம் என்று கேட்டால், அந்தக் கிலோமீட்டர்களில் ஒன்றுகூடப் பதிலாக வராது.

இரண்டு விமான நிலையங்களுக்கு இடையே உள்ள தூரம் ஒரே ஓர் எண். அதை யார் கணக்கிட்டாலும் அதே விடைதான் வரும். பயண நேரம் அப்படி வருவதில்லை. காற்று, ஓடுபாதையின் திசை, விமான நிறுவனத்தின் அட்டவணை, விமான நிலையத்துக்குப் போகும் வழியில் பல்லடத்து நெரிசல் என்று பல கைகள் சேர்ந்து அதை உருவாக்குகின்றன. தூரத்தைப் பார்த்தே நேரத்தை முடிவு செய்யும் பழக்கத்தால், கொங்கு நாட்டின் விமானப் போக்குவரத்தைப் பற்றிய நம் பேச்சில் பாதி வழி தவறிப் போகிறது என்பது என் எண்ணம். கோவை–சென்னை என்ற ஒரே வழித்தடத்தைக் கொஞ்சம் நிதானமாகப் பிரித்துப் பார்த்தால் இது விளங்கும்.

முதலில் தூரம். கோவையிலிருந்து சென்னை விமான நிலையத்துக்கு நேர்கோட்டில் 404 கிலோமீட்டர். பூமி உருண்டை என்பதால் இந்தக் கோடு உண்மையில் ஒரு வில். உருண்டையின் மேற்பரப்பில் இரு புள்ளிகளை இணைக்கும் மிகக் குறுகிய பாதை அதுதான். ஒவ்வொரு விமான நிலையத்துக்கும் ஓடுபாதைகளின் நடுப்பகுதியை ஒட்டி ஓர் ஆதாரப் புள்ளி உண்டு. அதன் அட்சரேகையும் தீர்க்கரேகையும் தெரிந்தால், பள்ளிக்கூட முக்கோணவியல் போதும், விடை வந்துவிடும். பூமியைச் சரியான உருண்டையாகக் கொண்டாலும், துருவங்களில் சற்றுத் தட்டையானதாகக் கொண்டாலும் இந்தத் தூரத்தில் வரும் வேறுபாடு ஒன்றிரண்டு கிலோமீட்டரைத் தாண்டாது.

இவ்வளவு சுலபமாகக் கணக்கிடுகிற நிலைக்கு வந்த கதை, நாம் பேசும் இதே இரு முனைகளில் நடந்தது. 1802 ஏப்ரல் 10 அன்று வில்லியம் லாம்டன், இன்றைய சென்னை விமான நிலையத்துக்குப் பக்கத்திலேயே இருக்கும் பரங்கிமலையில் தன் அளவையைத் தொடங்கினார். அங்கிருந்து தெற்கே பெரும்பாக்கம் குன்றுவரை, சுமார் 12 கிலோமீட்டர் நீளமுள்ள ஆதாரக் கோட்டை 100 அடி எஃகுச் சங்கிலியால் அளக்க அவருக்கு 57 நாட்கள் ஆயின. வெயிலில் சங்கிலி நீளும் என்பதால் வெப்பத்தையும் சேர்த்துக் குறித்துக்கொண்டே போக வேண்டியிருந்தது. அந்த ஒரு கோட்டை வைத்து முக்கோணங்களாகப் பின்னிக்கொண்டு போனதுதான் இந்தியாவின் மாபெரும் முக்கோண அளவை. அரை டன் எடையுள்ள தியோடலைட் கருவியை ஏற்றுவதற்கு மலை இல்லாத தஞ்சைச் சமவெளியில் பெரிய கோயில் விமானத்தின் மேலேயே கயிறு கட்டி ஏற்றியதும், கயிறு அறுந்து கருவி சிதைந்ததும் 1808இல் நடந்தவை.

கன்னியாகுமரிப் பக்கத்திலிருந்து வடக்கே போகும் லாம்டனின் நெடுங்கோட்டில், விண்மீன்களைப் பார்த்து அட்சரேகையைத் துல்லியமாகக் கணித்த நிலையங்களில் ஒன்று கோவைச் சீமையில் இருந்தது. அவருடைய ஏடுகளில் ‘புச்சப்பள்ளியம்’ என்று வரும் அந்த இடம் ஏதோ ஒரு பச்சாபாளையமாக இருக்க வேண்டும். அதன் அட்சரேகை 10 பாகை 59 கலை. காங்கேயத்தின் அட்சரேகை 11 பாகை. வடக்கு தெற்காகப் பார்த்தால் ஓரிரு கிலோமீட்டர்தான் இடைவெளி. பூமியின் வடிவத்தை உலகுக்குச் சொன்ன அளவைகளில் ஒன்று, ஏறத்தாழ காங்கேயத்தின் கோட்டிலேயே நின்று வானத்தைப் பார்த்துச் செய்யப்பட்டது. நம் ஊர்ப் பள்ளிகளில் இதைச் சொல்லிக்கொடுக்கிறார்களா என்ற ஏக்கம் எனக்கு உண்டு.

அந்த அளவைகளின் வழியாக வந்ததுதான் பூமியின் வடிவத்துக்கான கணித மாதிரியான 1830இன் எவரெஸ்ட் நீள்கோளம். பூமியின் நடுக்கோட்டு ஆரத்தை அது 6,377.276 கிலோமீட்டர் என்று எடுத்துக்கொண்டது. செயற்கைக்கோள் காலத்து உலகப் பொது முறை 6,378.137 என்கிறது. சங்கிலியும் தியோடலைட்டும் வைத்து மனிதர்கள் செய்த கணக்கு, ஆறாயிரத்துச் சொச்சம் கிலோமீட்டரில் ஒரு கிலோமீட்டர்கூடப் பிசகவில்லை. நாட்டுக்கு நாடு வேறு நீள்கோளம் இருந்தால் ஒரே விமான நிலையத்துக்கு இரண்டு முகவரி வந்துவிடும் என்பதால், சர்வதேச விமானப் போக்குவரத்து 1998 ஜனவரி 1 முதல் அந்தப் பொது முறைக்கு மாறியது. ஆகத் தூரத்தைப் பற்றிய வழக்கு அத்தோடு முடிந்துபோனது. 404 கிலோமீட்டர் என்றால் 404 கிலோமீட்டர்தான்.

இந்த வில் எந்த ஊர்களின் மேல் போகிறது என்று பார்ப்பது சுவையானது. கோவை விமான நிலையம் இருக்கும் பீளமேட்டில் கிளம்பி, பவானிக்கு மேலே போய், சேலத்தை ஒட்டிக் கடந்து, திருவண்ணாமலைக்குச் சற்று வடக்கே நழுவி, உத்திரமேரூருக்கும் காஞ்சிபுரத்துக்கும் இடையே புகுந்து மீனம்பாக்கம் சேர்கிறது. ரயில் பாதையும் சேலம்வரை கிட்டத்தட்ட இதே கோட்டில்தான் வருகிறது. அதற்குப் பிறகு அது வடக்கே திரும்பி ஜோலார்பேட்டை, காட்பாடி, அரக்கோணம் என்று சுற்றுகிறது. 1856இல் ராயபுரத்திலிருந்து வாலாஜா சாலைவரை போட்ட பாதையை மேற்குக் கடற்கரைக்கு நீட்டியதால் வந்த சுற்று இது. அதனால்தான் கோவையிலிருந்து சென்னை சென்ட்ரலுக்கு ரயிலில் 495 கிலோமீட்டர். நூற்று எழுபது ஆண்டுகளுக்கு முன் எடுத்த ஒரு முடிவுக்காக இன்றும் ஒவ்வொரு பயணியும் 90 கிலோமீட்டர் கூடுதலாகப் போகிறார்.

இனி நேரம். ஏர்பஸ் 320 வகை விமானம் உயரத்தில் நிலையாகப் பறக்கையில் மணிக்குச் சுமார் 830 கிலோமீட்டர் போகும். 404ஐ 830ஆல் வகுத்தால் 29 நிமிடம். டிக்கெட்டில் ஒரு மணி பத்து நிமிடம், ஒரு மணி கால் என்று போட்டிருக்கிறது. மீதி நாற்பது, நாற்பத்தைந்து நிமிடம் எங்கே போனது?

டிக்கெட்டில் அச்சிடும் நேரம் விமானம் மேலெழும்பும்போது தொடங்குவதில்லை. நிறுத்தத்தில் நிற்கும் விமானம் உருளாமல் இருக்கச் சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கட்டை வைத்திருப்பார்கள். லாரியை மேட்டில் நிறுத்தினால் டயருக்குக் கட்டை கொடுப்பது போலத்தான். தரையில் நிற்கும் பணியாளர் குனிந்து அதை உருவி எடுத்து, கையில் தூக்கி விமானிக்குக் காட்டுகிறாரே, அந்தக் கணத்தில் கணக்கு ஆரம்பிக்கிறது. சென்னையில் விமானம் நின்று, இன்னொருவர் மறுபடி கட்டையைச் செருகும்போது கணக்கு முடிகிறது. இடையில் இழுவை வண்டி பின்னுக்குத் தள்ளுவது, எஞ்சின் போடுவது, ஓடுபாதையின் முனைக்கு ஊர்ந்து போவது, முன்னால் நிற்பவர் கிளம்பக் காத்திருப்பது எல்லாம் அடக்கம். ஓடுபாதைக்கு இணையாக முழு நீளத்துக்கும் ஊர்பாதை இல்லாத நிலையங்களில், விமானம் ஓடுபாதையிலேயே ஊர்ந்து போய் முனையில் திரும்ப வேண்டும். அந்த நிமிடங்களில் வேறு யாரும் அங்கே இறங்கவும் முடியாது, ஏறவும் முடியாது.

மேலே போன பிறகும் 830 கிலோமீட்டர் வேகம் உடனே கைக்கு வருவதில்லை. 10,000 அடிக்குக் கீழே மணிக்கு 250 நாட், அதாவது 463 கிலோமீட்டர்தான் வழக்கமான வரம்பு. 28,000 அடிக்கு ஏறி முடிக்கும்போது ஏறத்தாழ 140 கிலோமீட்டர் போயிருக்கும். இறக்கத்துக்கும் ஒரு கணக்கு உண்டு. ஆயிரம் அடி இறங்க மூன்று கடல் மைல், அதாவது ஐந்தரை கிலோமீட்டர் வேண்டும். 28,000 அடியிலிருந்து இறங்க 155 கிலோமீட்டர். ஏற்றத்தையும் இறக்கத்தையும் கழித்துவிட்டால், உயரத்தில் நிலையாகப் பறப்பது சுமார் 100 கிலோமீட்டர். ஏழெட்டு நிமிடம். பணிப்பெண் தண்ணீர் வண்டியைத் தள்ளிக்கொண்டு நடுவரிசைக்கு வருவதற்குள் பெல்ட் போடச் சொல்லி அறிவிப்பு வந்துவிடுவதன் காரணம் இதுதான். பயணி செலுத்தும் கட்டணத்தில் முழு வேகத்தில் பறக்கும் பகுதி அவ்வளவே.

இந்தக் கணக்கின் இன்னொரு விளைவு சிறிய விமானங்களைப் பற்றியது. கோவை–பெங்களூரு நேர்கோட்டில் 250 கிலோமீட்டர்தான். காற்றாடி வைத்த ஏ.டி.ஆர். 72 மணிக்கு 500 கிலோமீட்டர் போகும், ஜெட்டைவிட வெகு மெதுவு. ஆனால் இவ்வளவு குறைந்த தூரத்தில் ஜெட்டுக்கு அதன் வேகத்தைக் காட்ட இடமே கிடைப்பதில்லை என்பதால் இரண்டுக்கும் அட்டவணை நேரம் கிட்டத்தட்ட ஒன்றாகவே வருகிறது. எரிபொருளும் ஏ.டி.ஆருக்குக் கணிசமாகக் குறைவு. சேலத்துக்கு 2018இல் உடான் திட்டத்தில் மறுபடி விமானம் வந்தபோது இந்த வகைதான் வந்தது. ‘எங்க ஊருக்குச் சின்ன பிளேன்தான் விடுகிறார்கள்’ என்று குறைப்பட்டுக்கொள்வதற்கு நேரக் கணக்கில் நியாயம் இல்லை. உலகிலேயே மிகக் குறுகிய அட்டவணை விமானப் பயணம் ஸ்காட்லாந்தின் ஆர்க்னித் தீவுகளில் இருக்கிறது. வெஸ்ட்ரேயிலிருந்து பாப்பா வெஸ்ட்ரேவுக்கு 2.7 கிலோமீட்டர், அட்டவணையில் இரண்டு நிமிடம். காற்று வாகாக வீசிய ஒரு நாளில் 53 விநாடியில் போய்ச் சேர்ந்ததாகப் பதிவு உண்டு.

காற்று என்றதும் கொங்கு நாட்டுக்காரருக்கு முதலில் நினைவு வருவது பாலக்காட்டுக் கணவாய். மேற்குத் தொடர்ச்சி மலையில் சுமார் 30, 40 கிலோமீட்டர் அகலத்துக்குத் திறந்து கிடக்கும் அந்த வாசல் வழியாகத் தென்மேற்குப் பருவக்காற்று வைகாசிக் கடைசியில் நுழைந்து ஆவணிவரை ஓயாமல் வீசும். பல்லடம், உடுமலை, கேத்தனூர்க் காடுகளில் காற்றாலைகள் வரிசை கட்டி நிற்பதற்குக் காரணம் அந்தக் காற்று. விமானம் எதிர்காற்றில்தான் ஏற வேண்டும், எதிர்காற்றில்தான் இறங்க வேண்டும்.

இப்போது ஓடுபாதைகளின் திசையைப் பாருங்கள். கோவையின் ஓடுபாதை 05/23. ஒரு முனை வடகிழக்கை, 50 பாகையை நோக்குகிறது. மறுமுனை தென்மேற்கே 230 பாகை. சென்னையின் முதன்மை ஓடுபாதை 07/25, அதாவது 70 பாகையும் 250 பாகையும். கோவையிலிருந்து சென்னை இருக்கும் திசை ஏறக்குறைய 57 பாகை. இரண்டு ஓடுபாதைகளும் தாங்கள் இணைக்கும் வழித்தடத்தின் வாக்கிலேயே படுத்திருக்கின்றன! யாரும் திட்டமிட்டுச் செய்ததில்லை. அந்தந்த ஊரின் காற்றைப் பார்த்துப் போட்டவை, ஒரே பருவக்காற்று இரண்டு ஊரையும் ஆள்வதால் இப்படி அமைந்தன.

இதன் பலன் பயணியின் கடிகாரத்தில் தெரியும். ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குக் காற்று வீசும்போது, கோவையில் விமானம் வடகிழக்கு நோக்கி ஏறும். மூக்கு அப்போதே சென்னைப் பக்கம் இருக்கும். சென்னையிலும் மேற்கிலிருந்து நேராக வந்து அப்படியே இறங்கலாம். ஆடியில் எல்லாம் தலைகீழ். கோவையில் தென்மேற்கே, பாலக்காட்டை நோக்கி ஏறி, வளைந்து திரும்பிச் சென்னைத் திசைக்கு வர வேண்டும். சென்னையில் ஓடுபாதையைத் தாண்டி வங்கக் கடல் பக்கம் போய், வளைந்து, கிழக்கிலிருந்து இறங்க வேண்டும். பிற்பகலில் கடற்காற்று உள்ளே புகுந்துவிட்டால் சென்னையில் மட்டும் ஏற்பாடு மறுபடி மாறும். அதே 404 கிலோமீட்டர், அதே விமானம், அதே விமானி. பருவம் மாறினால் பத்து நிமிடம்வரை கூடவோ குறையவோ செய்யும். திரும்பி வரும் பயணத்தில் இந்த லாப நட்டம் அப்படியே இடம் மாறிக்கொள்ளும்.

சூலூரையும் மறக்கக் கூடாது. கோவை விமான நிலையத்துக்குக் கிழக்கே 13 கிலோமீட்டர் தூரத்தில் விமானப்படைத் தளம். தேஜஸ் போர் விமானங்கள் அங்கிருந்து பறக்கின்றன. இரு தளங்களின் வானமும் ஒன்றோடொன்று ஒட்டியது என்பதால் எந்த நேரத்தில் யார் எந்த உயரத்தில் என்பது பேசி முடிவாக வேண்டிய விஷயம்.

இத்தனையும் நாளுக்கு நாள் மாறும் என்னும்போது, டிக்கெட்டில் எப்படி ஒரே எண்ணை அச்சிட முடிகிறது? விமான நிறுவனங்கள் பழைய பயணங்களின் பதிவை வைத்து, பெரும்பாலான நாட்களுக்குப் போதுமான ஒரு நேரத்தைத் தேர்ந்தெடுக்கின்றன. அதில் கொஞ்சம் கையிருப்பும் சேர்ந்திருக்கும். அட்டவணை நேரத்திலிருந்து 15 நிமிடத்துக்குள் வந்துவிட்டால் உலகெங்கும் அது சரியான நேரம் என்றே கணக்கு. எந்த நிறுவனம் எத்தனை சதவீதம் சரியாக வந்தது என்ற பட்டியல் மாதாமாதம் வெளியாவதால், அட்டவணை நேரத்தைத் தாராளமாக வைத்துக்கொள்வது நிறுவனத்துக்கு அனுகூலம். ‘இருபது நிமிடம் முன்னதாகவே வந்து சேர்ந்தோம்’ என்று அறிவிக்கும்போது, அந்த இருபது நிமிடத்தில் பெரும்பகுதி முன்கூட்டியே எழுதிவைத்த கையிருப்பு என்பதைப் பயணி புரிந்துகொள்ள வேண்டும். இதில் ஏமாற்று எதுவும் இல்லை. அடுத்த விமானத்தைப் பிடிக்க வேண்டியவருக்கு இந்தக் கையிருப்பு உதவியும் செய்கிறது. ஆனால் அந்த எண்ணை எடுத்துக்கொண்டு இரண்டு ஊருக்கு இடையே ‘பறக்கும் நேரம்’ இதுதான் என்று சத்தியம் செய்வது தவறு.

தூரம் கூடக் கூட, தரையருகே நடப்பவற்றின் பங்கு குறைந்து, மேல்வானக் காற்றின் பங்கு கூடும். கோவை–சார்ஜா நேர்கோட்டில் சுமார் 2,770 கிலோமீட்டர், பறப்பது நான்கு மணி நேரம் அளவில். ஆடி, ஆவணியில் தரையில் மேற்குக் காற்று வீசும் அதே நேரத்தில், 14, 15 கிலோமீட்டர் உயரத்தில் அதற்கு நேர் எதிராகக் கிழக்கிலிருந்து ஒரு பெருங்காற்று தென்னிந்தியாவுக்கு மேல் ஓடுகிறது. வெப்ப மண்டலக் கீழைத் தாரைக் காற்று என்று இன்று பாடநூல்கள் சொல்லும் இதை 1958இல் உலகின் கவனத்துக்குக் கொண்டுவந்தவர் இந்திய வானிலை அறிஞர் பி. கோட்டீஸ்வரம். விமானங்கள் பறக்கும் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் உயரத்திலும் அதன் வீச்சு தெரியும். அந்த மாதங்களில் வளைகுடாவுக்குப் போகும் பயணத்தைப் பின்னாலிருந்து தள்ளும், திரும்பி வருகையில் தடுக்கும். மார்கழி, தையில் அரபிக்கடலின் வடபகுதிக்கு மேல் மேற்குத் தாரைக் காற்று இறங்கிவரும்போது கதை மாறும். வேலைக்குப் போன மகன் வருவதற்காகக் காத்திருக்கும் பெற்றோருக்கு இவற்றோடு கடிகாரக் குழப்பமும் சேரும். சார்ஜா நமக்கு ஒன்றரை மணி பின்னால் இருப்பதால், போகும்போது டிக்கெட்டில் இரண்டரை மணி நேரப் பயணம் போலவும் வரும்போது ஐந்தரை மணி நேரம் போலவும் தோன்றும்.

தூரத்துக்கும் நேரத்துக்கும் தொடர்பே இல்லாமல் போன ஒரு நாளை நம் பக்கத்திலேயே பார்த்தோம். 2024 அக்டோபர் 11 மாலை திருச்சியிலிருந்து சார்ஜாவுக்குக் கிளம்பிய விமானத்தில், ஏறிய சற்று நேரத்தில் ஹைட்ராலிக் கோளாறு தெரிந்தது. 141 பயணிகள். சார்ஜா வரைக்குமான எரிபொருள் தொட்டியில் இருந்ததால், அந்த எடையோடு இறங்குவது ஆபத்து. அந்த வகை விமானத்தில் எரிபொருளை வானத்திலேயே கொட்டிவிடும் வசதியும் கிடையாது. இரண்டு மணி நேரத்துக்கு மேல் வட்டமடித்து, எரித்துத் தீர்த்து, இரவு எட்டே காலுக்கு அதே ஓடுபாதையில் பத்திரமாக இறக்கினார்கள். கிளம்பிய இடத்துக்கும் சேர்ந்த இடத்துக்கும் தூரம் பூஜ்யம். அந்த விமானியின் நிதானத்தைத் திருச்சி வட்டாரம் இன்றும் நன்றியோடு பேசுகிறது.

இப்போது காங்கேயத்துக்குத் திரும்பலாம். இங்கிருந்து பீளமேட்டுக்குச் சாலை வழியே சுமார் 65 கிலோமீட்டர். தேசிய நெடுஞ்சாலை 81இல் அவிநாசிபாளையம், பல்லடம், காரணம்பேட்டை, சூலூர் என்று வழி. “ஏர்போர்ட்டுக்கு எத்தனை நேரமாகுங்க?” என்று டாக்சி ஓட்டுநரிடம் கேட்டால், “பல்லடம் எப்படி இருக்குதோ அதைப் பொறுத்துங்க” என்பார். ஒன்றரை மணி நேரம் என்று வைத்துக்கொள்வோம். உள்நாட்டு விமானத்துக்கு ஒரு மணி நேரம் முன்பே கவுன்டரை மூடிவிடுவார்கள், ஆகவே ஒன்றரை மணி நேரம் முன்னால் போயாக வேண்டும். விமானம் ஒன்றே கால் மணி. இறங்கிப் பெட்டியை எடுத்து வெளியே வர அரை மணி, நகருக்குள் போக இன்னொரு அரை முக்கால் மணி. கூட்டினால் ஐந்தேகால், ஐந்தரை மணி நேரம்.

ரயிலில் போனால்? 2023 ஏப்ரல் 8 அன்று தொடங்கிய வந்தே பாரத், காலை 6 மணிக்குக் கோவையில் கிளம்பித் திருப்பூரில் 6.35க்கு நின்று 11.50க்குச் சென்ட்ரலில் விடும் வகையில் அமைந்தது. காங்கேயத்திலிருந்து திருப்பூர் 27 கிலோமீட்டர் அளவுதான். வீட்டிலிருந்து கணக்கிட்டால் ஆறரை மணி நேரம், இறங்குவது நகரத்தின் நடுவில். 29 நிமிட வானத்துக்கும் 495 கிலோமீட்டர் தண்டவாளத்துக்கும் உள்ள வித்தியாசம் கடைசியில் ஒரு மணி நேரம்தான். பிரான்சு 2023 மே மாதத்தில் ஒரு சட்டத்தை நடைமுறைக்குக் கொண்டுவந்தது. இரண்டரை மணி நேரத்துக்குள் ரயிலில் போய்ச் சேர முடிகிற இடங்களுக்கு விமானம் விடக் கூடாது என்று, பாரிசின் ஒர்லியிலிருந்து லியோன், நாந்த், போர்தோ வழித்தடங்களை நிறுத்தியது. நம் ரயிலின் சராசரி வேகம் மணிக்கு 85 கிலோமீட்டர். அது 120ஐ எட்டினாலே பயணம் நான்கு மணி சொச்சமாகிவிடும். பிறகு கொங்குப் பகுதியிலிருந்து சென்னைக்கு விமானம் பிடிப்பவர்கள் வெளிநாட்டு விமானத்துக்கு மாறுகிறவர்கள் மட்டுமாகத்தான் இருப்பார்கள்.

வெளிநாட்டுப் பயணத்திலும் தரைதான் முடிவு செய்கிறது. பனியன் வியாபாரத்துக்கும் படிப்புக்கும் வேலைக்குமாக இந்த வட்டாரத்திலிருந்து கிளம்புகிறவர்களில் பலர் கோவையை விட்டுவிட்டுக் கொச்சிக்கு வண்டி கட்டுவது பல காலப் பழக்கம். அந்த வழியில் வடக்கஞ்சேரி தாண்டிக் குதிரான் மேட்டில் லாரிகளுக்குப் பின்னால் நின்றவர்களுக்கு அந்த அவதி தெரியும். 2021 ஜூலை 31 அன்று குதிரான் சுரங்கத்தின் முதல் குழாய் திறந்தது, நீளம் ஒரு கிலோமீட்டருக்கும் சற்றுக் குறைவு. காங்கேயத்திலிருந்து துபாய்க்குப் போகும் நேரத்தை அண்மையில் எந்தப் புதிய விமானமும் குறைக்காத அளவுக்கு அந்தச் சுரங்கம் குறைத்தது.

ஐரோப்பாவுக்கு நேரடி விமானம் வேண்டும் என்ற கோரிக்கையையும் இந்தக் கண்ணோடு பார்க்க வேண்டும். கோவையிலிருந்து பிராங்க்பர்ட் நேர்கோட்டில் சுமார் 7,540 கிலோமீட்டர். அபுதாபியில் இறங்கி மாறிப் போனால் 2,790ம் 4,860ம் சேர்ந்து 7,650. நூற்றுச் சொச்சம் கிலோமீட்டர்தான் கூடுதல், ஏனென்றால் அபுதாபி கிட்டத்தட்ட நேர்வழியிலேயே இருக்கிறது. சென்னை போய் மாறினால் 8,000 ஆகும். 2024 ஆகஸ்டில் கோவை–அபுதாபி சேவை தொடங்கியபோது கொங்கு நாட்டுக்கு வளைகுடா மட்டும் கிடைத்துவிடவில்லை, ஐரோப்பாவுக்கும் ஒரு நேர்வழி கிடைத்தது. அங்கே அடுத்த விமானத்துக்குக் காத்திருக்கும் மூன்று நான்கு மணி நேரந்தான் விலை.

நேரடியாகப் பறக்க முடியாததற்கு ஓடுபாதை ஒரு காரணம். கோவையின் ஓடுபாதை 9,760 அடி, கடல் மட்டத்திலிருந்து 404 மீட்டர் உயரம். சென்னைக்குக் கிலோமீட்டரில் இருக்கும் எண்ணே இங்கே மீட்டரில் வருவது தற்செயல். சித்திரை வெயிலில் 35 டிகிரி அடிக்கும்போது காற்று லேசாகிவிடும். விமானத்தின் இறக்கைக்கு அது 1,200 மீட்டர் உயர மலைமேல் இருப்பதற்குச் சமம். எஞ்சினின் உந்தலும் குறையும். பத்து மணி நேரத்துக்கான எரிபொருளும் முழுப் பயணிகளும் சரக்கும் ஏற்றிய பெரிய விமானம் அந்த நிலையில் ஏறுவதற்கு நீளம் போதாது. ஒன்று, ஆளைக் குறைக்க வேண்டும், அல்லது சரக்கைக் குறைக்க வேண்டும். திருப்பூரின் அவசர ஆர்டர்களுக்குச் சரக்கு அறைதான் முக்கியம் என்பதால் இந்தக் குறைப்பு இந்தப் பகுதிக்கு நேரடி நட்டம். ஓடுபாதையை 12,500 அடியாக நீட்ட 600 ஏக்கருக்கு மேல் நிலம் எடுக்கும் வேலை 2010க்குப் பிறகு இழுத்துக்கொண்டே வந்து, 2024இல்தான் நிலத்தை நிபந்தனையின்றி ஒப்படைக்க மாநில அரசு இசைந்தது. தங்கள் வீட்டையும் தோட்டத்தையும் கொடுத்த குடும்பங்கள் இத்தனை ஆண்டுகள் முடிவு தெரியாமல் காத்திருந்தன. இந்தத் திட்டத்தின் நேரக் கணக்கில் அவர்கள் காத்த காலத்தையும் சேர்க்கத்தான் வேண்டும்.

நீட்டிய ஓடுபாதை பிராங்க்பர்ட்டை அருகே கொண்டுவரும். சென்னையை ஒரு நிமிடம்கூட அருகே கொண்டுவராது. அதற்குப் பல்லடத்தில் நெரிசல் தீர வேண்டும், திருப்பூர், காங்கேயம், தாராபுரத்திலிருந்து விமான நேரத்தை ஒட்டிப் பேருந்து விட வேண்டும். கர்நாடகத்தில் மைசூரிலிருந்தே பெங்களூரு விமான நிலைய வாசலுக்கு அரசுப் பேருந்து ஓடுகிறது. நெடுஞ்சாலை 81இல் கரூரிலிருந்து கிளம்பி வெள்ளகோவில், காங்கேயம், பல்லடம், சூலூர் வழியாகப் பீளமேட்டில் நிற்கும் ஒரு பேருந்துக்கு நிலம் எடுக்க வேண்டியதில்லை, வழித்தட அனுமதியும் நேர அட்டவணையும் போதும். விடியற்காலை விமானத்துக்கு முதல் வண்டி காங்கேயத்தில் மூன்று மணிக்கு வர வேண்டும்.